யாருடைய ஆளாக முடிக்கப்போகிறீர்கள்? ஃபால்அவுட்: நியூ வேகஸில் பக்கம் சேர்வதற்கு ஒரு முழு வழிகாட்டி

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே உங்கள் தலையில் குண்டு பாய்ந்துவிடுகிறது. கட்டம்போட்ட கோட்டு அணிந்த பென்னி என்பவன் சுடுகிறான். நீங்கள் கொண்டுபோன பிளாட்டினம் சிப்பைப் பிடுங்கிக்கொண்டு, உங்களைக் குழியில் போட்டு மூடிவிட்டுப் போகிறான். தோண்டி எடுப்பது விக்டர் என்ற ரோபோ. தைத்துப் பிழைக்கவைப்பது குட்ஸ்ப்ரிங்ஸ் ஊர் டாக்டர் மிட்செல். ஆக, கண் விழிக்கும்போதே நீங்கள் இரண்டு பேருக்குக் கடன்பட்டவர். அதில் அந்த ரோபோ ஏன் உங்களைக் காப்பாற்றியது என்பது பல மணி நேரம் ஆடிய பிறகுதான் புரியும்.

ஃபால்அவுட்: நியூ வேகஸ் 2010 அக்டோபரில் வந்தது. அப்சிடியன் உருவாக்கி, பெதஸ்டா வெளியிட்ட கேம். இயக்கியவர் ஜோஷ் சாயர். 2077-ல் அணுப்போரில் உலகம் கருகி, 204 ஆண்டுகள் கழித்து 2281-ல், மொஹாவி பாலைவனத்தில் கதை நடக்கிறது. சண்டை ஹூவர் அணைக்காக. மின்சாரமும் தண்ணீரும் அங்கேதான் இருக்கின்றன.

முதன்முறை ஆடியபோது "நல்லவனாகவே ஆடுவது" என்று தீர்மானித்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் ஓடி ஓடி உதவினேன். முப்பது மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் நான் என்சிஆர் (நியூ கலிஃபோர்னியா குடியரசு) ராணுவத்தின் சம்பளமில்லாத எடுபிடி ஆகியிருந்தேன். அவர்களை நான் தேர்ந்தெடுத்ததாக நினைவே இல்லை. இந்த கேமில் கெட்டவனாக ஆவதைவிட, தெரியாமல் ஒருவரின் ஆளாகிப்போவதுதான் சுலபம். கடைசியில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, அது நீங்களே எடுத்த முடிவாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த வழிகாட்டி. கதையின் திருப்பங்கள் எல்லாமே கீழே வருகின்றன. தெரியாமல் ஆட விரும்புபவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

படி 1: கர்மாவை மறந்துவிட்டு, பெயரைக் கவனியுங்கள்

கேமுக்குள் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. ஒன்று கர்மா. 2008-ல் வந்த ஃபால்அவுட் 3-ல் அதற்கு இருந்த எடை இங்கே இல்லை. அது போடும் கணக்கும் வேடிக்கையானது. போதையில் திரியும் ஃபீண்ட்ஸ் கும்பலைச் சுட்டுத்தள்ளத் தள்ள உங்கள் கர்மா ஏறிக்கொண்டே போகும். ஆனால் அடிமை வியாபாரியின் மேசையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்தால் திருட்டு என்று இறங்கும். காஸ் போன்ற ஓரிரு தோழர்கள் கர்மா பாதாளத்துக்குப் போனால் முகம் சுளிப்பார்கள். மற்றபடி அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கத் தேவையில்லை.

உண்மையில் ஆட்டத்தை நடத்துவது இரண்டாவது கணக்குதான்: ஒவ்வொரு குழுவிடமும், ஒவ்வொரு ஊரிடமும் உங்களுக்கு இருக்கும் பெயர். இதில் பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. நற்பெயரும் அவப்பெயரும் தனித்தனியாக எழுதப்படுகின்றன. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. ஒரு ஊரில் நான்கு பேரைக் கொன்றுவிட்டு, பிறகு பத்து உதவி செய்தால் அந்த நான்கு கொலை மறைந்துவிடாது. இரண்டும் சேர்ந்து "இவன் எப்போது என்ன செய்வான் என்று தெரியாது" என்கிற மாதிரி ஒரு பட்டம் வரும், அவ்வளவுதான். மனிதர்கள் நிஜத்தில் கணக்கு வைத்துக்கொள்வதும் கிட்டத்தட்ட இப்படித்தான் என்பதால் எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். நடைமுறையில் இதன் பொருள்: அவப்பெயர் கிட்டத்தட்ட நிரந்தரம். கோபத்தில் சுடுவதற்கு முன் ஒரு சேவ் போட்டுக்கொள்ளுங்கள்.

உடையும் பேசும். செத்த என்சிஆர் சிப்பாயின் கவசத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டு நடந்தால் என்சிஆரின் எதிரியான லீஜன் படை உங்களைப் பார்த்தவுடன் சுடும். லீஜன் உடையில் போனால் என்சிஆர் சுடும். புதிதாக ஆடுபவர்கள் "எல்லாரும் ஏன் என்னைச் சுடுகிறார்கள்" என்று திகைத்தால், பத்தில் ஒன்பது முறை காரணம் சட்டைதான்.

படி 2: குட்ஸ்ப்ரிங்ஸ்

ஊரின் பெட்ரோல் பங்கில் ரிங்கோ என்ற வணிகன் ஒளிந்திருக்கிறான். அவனைக் கேட்டு பவுடர் கேங்கர்ஸைச் சேர்ந்த ஜோ காப் வந்து மிரட்டுகிறான். பவுடர் கேங்கர்ஸ் யார் என்றால், ரயில் பாதை வேலைக்காக என்சிஆர் கொண்டுவந்த கைதிகள். கையில் கொடுத்த டைனமைட்டை வைத்தே சிறையைக் கைப்பற்றியவர்கள். ஊரோடு நின்று காப்பை எதிர்க்கலாம், காப்போடு சேர்ந்து ஊரைச் சூறையாடலாம், இரண்டுமே வேண்டாமென்று நடையைக் கட்டவும் செய்யலாம்.

ஊர் பக்கம் நிற்பதுதான் இயல்பு. உங்களைத் தைத்துப் பிழைக்கவைத்த ஊர் அது. ஆனால் அதற்கும் விலை உண்டு. பவுடர் கேங்கர்ஸிடம் உங்கள் பெயர் கெட்டுவிட்டால், அடுத்த ஊரான பிரிம்முக்கு ஷெரிஃப் தேடும்போது வேலை கடினமாகும். அந்தப் பதவிக்குத் தகுதியான மேயர்ஸ் என்பவர் அந்தச் சிறைக்குள்தான் இருக்கிறார். பேசிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். இப்போது சுட்டுக்கொண்டு போக வேண்டிவரும். ஒரு ஊருக்குச் செய்த நன்மை இன்னொரு ஊருக்கான கதவைப் பாதி சாத்திவிடுகிறது. போகப்போக இதேதான் பெரிய அளவில் நடக்கும்.

படி 3: தெற்குச் சாலை

குட்ஸ்ப்ரிங்ஸிலிருந்து நேர் வடக்கே போனால் வேகஸ் பக்கம்தான். ஆனால் அந்த வழியில் கசடோர், டெத்க்ளா போன்ற கொடிய மிருகங்கள் காத்திருக்கின்றன. அதனால் கேம் உங்களைத் தெற்கே சுற்றிக்கொண்டு போகவைக்கிறது. அந்தச் சுற்று ஒரு பாடத்திட்டம் போல அமைந்திருக்கிறது.

பிரிம்மில் ஷெரிஃபாக மூவரில் ஒருவரை அமர்த்தலாம்: முன்னாள் கைதி மேயர்ஸ், பிரிம் ஸ்லிம் என்ற பழைய ரோபோ, அல்லது என்சிஆர் படை. கடைசித் தேர்வு பாதுகாப்பானது போலத் தெரியும். அதோடு வரியும் வரும். "உதவி செய்கிறேன்" என்று நீங்கள் என்சிஆருக்குக் கொடுக்கும் முதல் ஊர் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். என் முதல் ஆட்டத்தில் எடுபிடி வேலை தொடங்கியதும் இங்கேதான்.

நிப்டனில் லீஜனை முதன்முறை சந்திக்கிறீர்கள். ஊரே எரிகிறது. லாட்டரி நடத்தி, யாரைக் கொல்வது, யாரைச் சிலுவையில் அறைவது, யாரை அடிமையாக்குவது என்று பிரித்திருக்கிறார்கள். வல்பஸ் இன்குல்டா என்ற அவர்களது ஒற்றன் அமைதியாக நின்று, இதைப் போகிற இடமெல்லாம் சொல் என்கிறான். கை துறுதுறுக்கும். சுட்டாலும் அந்தப் பழி நிலைக்காது. ஏன் என்பது படி 5-ல் வரும். ஆனால் இந்த லெவலில் அவனையும் அவன் ஆட்களையும் சுட்டு ஜெயிப்பது வேறு விஷயம்.

நோவாக்கில் நிதானமாக நில்லுங்கள். இந்தச் சாலையின் மிகச் சிறந்த எழுத்து இங்கே இருக்கிறது. பூன் என்ற ஸ்னைப்பரின் கர்ப்பிணி மனைவி கார்லாவை யாரோ லீஜனுக்கு அடிமையாக விற்றுவிட்டார்கள். ஊரிலேயே ஒருவர்தான் விற்றிருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், யாரென்று தெரியாது. தன் சிவப்புத் தொப்பியை உங்களிடம் கொடுத்து, "அந்த ஆளை இரவில் டைனோசர் சிலைக்கு முன்னால் அழைத்து வா, தொப்பியை மாட்டிக்கொள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறான். உண்மையில் விற்றது மோட்டல் நடத்தும் ஜீனி மே கிராஃபோர்ட். வரவேற்பறையில் தேடினால் விற்பனைப் பத்திரம் கிடைக்கும். வயிற்றிலிருந்த குழந்தைக்கும் சேர்த்து விலை பேசிய பத்திரம்.

கவனிக்க வேண்டியது இதுதான்: நீங்கள் ஆதாரம் தேடவே தேவையில்லை. யாரை அந்தச் சிலைக்கு முன்னால் நிறுத்தித் தொப்பியை மாட்டினாலும் பூன் சுடுவான். கேம் உங்களைத் தடுக்காது. ஒரு மனிதனின் முழு நம்பிக்கை உங்கள் தலையிலிருக்கும் தொப்பியில் இருக்கிறது. ஆதாரத்தைத் தேடி எடுத்த பிறகே அழைத்துப்போங்கள் என்பது என் அறிவுரை. ஆனால் "தேடாமலும் முடியும்" என்பதை ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் போங்கள்.

படி 4: பெரியவர்களுக்கு முன் சிறியவர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால், இதை வையுங்கள். வேகஸை ஆளும் ஹவுஸ், என்சிஆர், லீஜனின் தலைவர் சீசர் மூவருமே ஒரு கட்டத்தில் "அந்தச் சிறு குழுவை என்ன செய்யப்போகிறாய்?" என்று உங்களைத்தான் கேட்பார்கள். அப்போது முதன்முறையாக அந்த மக்களிடம் போனால், அவர்கள் உங்கள் வேலைப் பட்டியலில் ஒரு வரி. முன்பே பழகியிருந்தால் அவர்கள் மனிதர்கள். வழிகளும் கூடுதலாகத் திறக்கும்.

நெல்லிஸ் விமானத் தளத்தில் இருக்கும் பூமர்ஸிடம் போவதற்கே பீரங்கிக் குண்டு மழையில் ஓடியாக வேண்டும். உள்ளே போய்விட்டால் எளிமையான மக்கள். அவர்கள் கனவு, மீட் ஏரியின் அடியில் கிடக்கும் பி-29 குண்டுவீச்சு விமானத்தை மேலே எடுப்பது. அதை முடித்துக் கொடுத்தால், கடைசிப் போரில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கத்துக்காகப் பறப்பார்கள். எந்தக் கதவும் சாத்தாத உதவி இது. முதலில் முடித்துவிடுங்கள்.

கிரேட் கான்ஸ் விஷயம் அப்படி இல்லை. ரெட் ராக் கேன்யனில் இருக்கும் இவர்கள் போதைப்பொருள் காய்ச்சுபவர்கள், கொள்ளையர்கள். உங்களைப் புதைக்க பென்னிக்கு உதவியதும் இவர்கள் ஆட்கள்தான். ஆனால் 2278-ல் பிட்டர் ஸ்பிரிங்ஸில் என்சிஆர் இவர்களின் பெண்கள், குழந்தைகள், முதியவர்களைச் சுட்டுக் கொன்றது. அன்று துப்பாக்கி பிடித்தவர்களில் பூனும் ஒருவன். லீஜன் இவர்களைக் கூட்டணிக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. ஜெயித்த பிறகு அடிமையாக்கும் எண்ணத்தோடுதான். அதற்கான ஆதாரத்தைத் தேடிக் காட்டி பாப்பா கானின் மனதை மாற்றலாம். மொஹாவியை விட்டே போய்ப் புது வாழ்வு தேடச் சொல்லலாம். கௌரவமாகச் செத்துப்போங்கள் என்று அணைக்கு அனுப்பவும் செய்யலாம். ஸ்னைப்பர் பூன் கூட இருக்கும்போது இந்த இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். அவன் எதையோ விழுங்கிக்கொண்டு நிற்பது தெரியும்.

வேகஸின் ஏழைப் பகுதியான ஃப்ரீசைடில் கிங்ஸ் என்ற கும்பலும், பழைய மோர்மன் கோட்டையில் ஃபாலோயர்ஸ் என்ற தொண்டு அமைப்பின் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அங்கே என்சிஆர் தன் குடிமக்களுக்கு மட்டும் உணவு கொடுக்கிறது, உள்ளூர்க்காரர்கள் பட்டினி. அந்தத் தகராறைப் பேசித் தீர்க்க முடியும். துப்பாக்கியை எடுத்துவிட்டால் முடியாது.

பழைய தொழில்நுட்பத்தைச் சேர்த்துப் பதுக்கும் பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். படி 7-க்கு வைத்துக்கொள்வோம். இப்போதைக்கு ஹிட்டன் வேலி பதுங்குகுழிக்கு ஒருமுறை போய்ப் பழகிவிட்டு வாருங்கள். அவர்களில் ஒருத்தியான வெரோனிகாவைத் துணைக்கு வைத்துக்கொண்டால் நுழைவது சுலபம். தனியாகப் போனால் கழுத்தில் வெடிக்கும் பட்டையைக் கட்டித்தான் பேச்சையே தொடங்குவார்கள்.

படி 5: ஒரே ஒருமுறை கிடைக்கும் மன்னிப்பு

வேகஸ் ஸ்ட்ரிப்புக்குள் நுழைய 2000 கேப்ஸ் (அங்கே புழங்கும் பணம்) காட்ட வேண்டும். இல்லையென்றால் கிங்ஸ் மூலம் அனுமதிச் சீட்டு வாங்கலாம், மெக்காரன் முகாமிலிருந்து மோனோரயிலில் வரலாம். உள்ளே போனதும் இரண்டு சம்பவங்கள் நடக்கும். லக்கி 38 கோபுரத்தில் ஹவுஸைச் சந்தித்துவிட்டு வெளியே வந்தால் என்சிஆர் தூதர் அழைப்பு அனுப்புவார். பென்னி இருக்கும் டாப்ஸ் கேசினோவில் அவன் விவகாரத்தை முடித்துவிட்டு வந்தால் வல்பஸ் நேரில் வந்து சீசரின் முத்திரையைக் கொடுப்பான். நிப்டனில் நீங்கள் அவனைக் கொன்றிருந்தால் அலேரியோ என்ற வேறொருவன் வருவான். இரு தரப்பும் அதுவரை நீங்கள் செய்ததை மன்னித்துவிட்டதாகச் சொல்கின்றன.

இது கதைக்காகச் சேர்த்த மரியாதை மட்டுமல்ல, ஆட்டத்தின் உள்ளமைப்பு. இதற்கு முன் செய்தவை ஒத்திகை. பின் செய்பவை கணக்கில் நிற்கும். அதனால் ஸ்ட்ரிப்புக்குள் நுழையும் முன் தனியாக ஒரு சேவ் போட்டு, அதை அழிக்காமல் வைத்திருங்கள். நான்கு முடிவுகளையும் அந்த ஒரு சேவிலிருந்தே ஆடிப் பார்க்கலாம்.

படி 6: கோட்டைக்கு அடியில்

சீசரின் கோட்டைக்குப் படகில் போகிறீர்கள். வாசலில் ஆயுதங்களை வாங்கிக்கொள்வார்கள். பூன் கூட வர வேண்டாம்; லீஜன்காரனைப் பார்த்தாலே அவன் சுடத் தொடங்கிவிடுவான். டாப்ஸிலிருந்து பென்னியை உயிரோடு தப்பவிட்டிருந்தால் அவன் இங்கே கட்டுண்டு கிடப்பான். அவனை எப்படி முடிப்பது என்று சீசர் உங்களிடமே கேட்பார். உங்களைப் புதைத்தவன் மண்டியிட்டு இருக்க, சிலுவை முதல் விடுதலை வரை எல்லாமே கையில். என்ன செய்தாலும் பெரிய லாபமோ நஷ்டமோ கிடையாது. ஆட்டத்தில் கலப்படமில்லாத தேர்வு என்று நான் நினைப்பது இதைத்தான்.

பிறகு சீசர் பிளாட்டினம் சிப்பை உங்களிடமே கொடுத்து, கோட்டைக்கு அடியிலிருக்கும் பதுங்குகுழியில் இருப்பதை அழித்துவரச் சொல்வார். அங்கே ஹவுஸின் செக்யூரிட்ரான் ரோபோ படை தூங்குகிறது. சிப்பைப் போட்டால் அத்தனையும் மேம்படும். இல்லையென்றால் அத்தனையையும் அழிக்கலாம். ஹவுஸுக்கோ சுதந்திர வேகஸுக்கோ போவதாக இருந்தால் மேம்படுத்துங்கள். மேலே வந்து அழித்துவிட்டேன் என்று சீசரிடம் பொய் சொல்ல முடியும். என்சிஆருக்கும் லீஜனுக்கும் அந்தப் படை செத்தால்தான் நல்லது. முடிவெடுக்கவில்லையா? மேம்படுத்திவிடுங்கள். அழித்தால் திரும்பக் கிடைக்காது.

இதன்பிறகு குவெஸ்ட் (பணி) பட்டியலில் ஒரு தரப்பின் எச்சரிக்கை புதிதாக முளைத்தால், அந்தக் கதவு சாத்தப்படுகிறது என்று பொருள். எச்சரிக்கையை மதிக்காமல் போனால் அந்தத் தரப்பின் குவெஸ்ட்கள் தோல்வி என்று குறிக்கப்படும். அவப்பெயர் மிக மோசமானால் கொலைப்படையும் தேடி வரும்.

படி 7: நான்கு எஜமானர்கள்

*ஹவுஸ்.* ராபர்ட் ஹவுஸ், போருக்கு முன் ரோப்கோ நிறுவனத்தைத் தொடங்கியவர். 2077-ல் வேகஸை நோக்கி 77 அணுகுண்டுகள் வந்தன. அதில் 59-ஐ கணினி வழியே செயலிழக்கவைத்து, 9-ஐ லேசரால் சுட்டு வீழ்த்தி நகரத்தைக் காப்பாற்றியவர். இரண்டு நூற்றாண்டுகளாக ஒரு பெட்டிக்குள் உயிரோடு இருக்கிறார். உங்களைத் தோண்டியெடுத்த விக்டரும் அவர் ஆள்தான். நன்றாகச் சம்பளம் கொடுப்பார், சொன்ன சொல் தவற மாட்டார், லக்கி 38-ல் தங்க ஒரு முழு தளமே கொடுப்பார். அவர் பேச்சில் 50 ஆண்டில் மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் கனவு இருக்கிறது. ஃப்ரீசைடில் பசியோடு கிடப்பவர்கள் அந்தப் பேச்சில் இல்லை. செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லின் கனம் தெரிய வேண்டுமானால் இவர் பக்கம் ஆடுங்கள். நன்றி இருக்கும், மரியாதை இருக்கும், ஆனால் எதிலும் உங்கள் கருத்தைக் கேட்க மாட்டார்.

*என்சிஆர்.* தேர்தல் உண்டு, சட்டம் உண்டு, அடிமை முறை கிடையாது. பிட்டர் ஸ்பிரிங்ஸும் உண்டு, வரியும் உண்டு, பெரும் பண்ணைக்காரர்களின் பிடியும் உண்டு. மொஹாவியில் அவர்கள் படை கிழிந்த போர்வை போல. தலையை மூடினால் கால் வெளியே தெரிகிறது. பெரும்பாலோர் இங்கேதான் போய்ச் சேருகிறார்கள். தவறான முடிவல்ல. ஆனால் தானாகவே வழுக்கிக்கொண்டு போய் விழுகிற இடம் இதுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

*சீசர்.* இயற்பெயர் எட்வர்ட் சாலோ. ஃபாலோயர்ஸ் அமைப்பில் வளர்ந்த படிப்பாளி, பிறகு பழங்குடிகளை நசுக்கி ஒரே படையாக்கியவர். ஹெகலின் தத்துவத்தைச் சொல்லித் தன் அடிமை ராஜ்ஜியத்தை நியாயப்படுத்துவார். லீஜன் நிலத்தில் வணிக வண்டிகள் கொள்ளை பயமில்லாமல் போகின்றன என்பதும் கேமுக்குள் பலர் ஒப்புக்கொள்கிற உண்மை. அந்தப் பாதுகாப்பின் விலை என்ன என்பதைக் கோட்டையில் சுமை தூக்கும் பெண்களைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். இவர் மூளையில் கட்டி இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றவும் முடியும், அந்த மேசையிலேயே கொல்லவும் முடியும். கொன்றால் அவரது தளபதி லேனியஸ் தலைவனாவான். அவனோடு பேசுவதற்குத் தத்துவம்கூட இருக்காது. லீஜன் பக்கம் ஒருமுறை ஆடிப் பார்ப்பதில் தப்பில்லை. எனக்குப் பாதிக்கு மேல் போக மனம் வரவில்லை.

*யெஸ் மேன்.* டாப்ஸில் பென்னியின் அறைக்குப் பக்கத்தில் சிரித்த முகத்தோடு நிற்கும் ரோபோ. நீங்கள் சொல்வதற்கெல்லாம் சரி என்பான். சுட்டால் வேறொரு உடம்பில் திரும்பி வருவான். மற்ற மூவரையும் பகைத்துக்கொண்டாலும் கதையை முடிக்க வழி இருக்க வேண்டும் என்பதற்காகவே கேம் வைத்திருக்கும் கடைசிக் கதவு. யாருக்கும் அடிமையாகாத வேகஸ் என்று கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வழியில் எஜமானர் நீங்கள். நாளை காலை யார் தண்ணீர் விடுவது, யார் வழக்கைத் தீர்ப்பது என்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

ஹவுஸ் வழியைத் தவிர மற்ற மூன்றிலும் ஹவுஸை அப்புறப்படுத்தியாக வேண்டும். பெட்டியைத் திறந்தால் வற்றிப்போன ஓர் உடல். கொல்லலாம், அல்லது கணினிகளிலிருந்து துண்டித்து, நினைவோடு தனியாக அந்தப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டுப் போகலாம். கருணை என்று நினைத்து இரண்டாவதைச் செய்துவிட்டு, பிறகு தூக்கம் வராமல் பழைய சேவுக்குத் திரும்பியவன் நான்.

இப்போது பிரதர்ஹுட். ஹவுஸ் பக்கம் ஆடினால் ஹிட்டன் வேலியை அழிக்கச் சொல்வார், மாற்று வழியே கிடையாது. வெரோனிகா அதன்பின் உங்களோடு நிற்க மாட்டாள். என்சிஆர் பக்கம் கர்னல் மூரும் அழிக்கத்தான் சொல்வார். ஆனால் அங்கே ஒரு சந்து இருக்கிறது: பிரதர்ஹுட்டின் தலைவராக மெக்நமாரா நீடித்தால் இரு தரப்புக்கும் சமாதானம் செய்துவைக்கலாம். அதே பதுங்குகுழியில் ஹார்டின் என்பவர் மெக்நமாராவைப் பதவியிலிருந்து இறக்க உங்கள் உதவியைக் கேட்பார். விறைப்பான ஆள், கேட்க நியாயமாகவும் இருக்கும். கேட்டுக்கொண்டால் சமாதானக் கதவு போச்சு. யெஸ் மேனுக்கோ அவர்கள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

படி 8: எண் காட்டாத தேர்வுகள்

என்சிஆரின் பண்ணைகளில் பயிர் கருகுகிறது. காரணத்தைத் தேடிப் போனால் வால்ட் 34 என்ற நிலத்தடிப் புகலிடத்தின் கசியும் அணு உலை. அதை மூடினால் நிலம் பிழைக்கும். ஆனால் வால்ட்டுக்குள் இன்னும் சிலர் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை விடுவித்தால் கசிவு தொடரும். உள்ளிருந்து கெஞ்சும் குரல் கேட்கிறது. வெளியே பசிக்கப்போகிறவர்களின் குரல் கேட்பதில்லை. அந்தப் பட்டன் முன்னால் நான் ஒவ்வொரு ஆட்டத்திலும் வேறு வேறு முடிவு எடுத்திருக்கிறேன்.

இன்னொன்று கேம்ப் கோல்ஃபில். ரேஞ்சர்களின் தலைவர் ஹான்லன் மரியாதைக்குரிய கிழவர். முகாம்களுக்கு வரும் உளவுத் தகவல்களில் பொய் கலந்திருப்பதை நீங்கள் கண்டுபிடிக்கிறீர்கள். நூல் பிடித்துப் போனால் அது அவர் வேலை. என்சிஆர் தாங்க முடியாத நிலத்தைப் பிடித்துக்கொண்டு இளைஞர்களைச் சாகக் கொடுக்கிறது; பயமுறுத்தியாவது அவர்களைப் பின்வாங்கவைக்க வேண்டும் என்பது அவர் நியாயம். அந்தப் பொய்களால் இப்போதும் சிப்பாய்கள் தவிக்கிறார்கள் என்பது எதிர்நியாயம். காட்டிக்கொடுக்கலாம், நிறுத்தச் சொல்லலாம், தொடரவும் விடலாம். நீங்கள் பேசுகிற விதத்தைப் பொறுத்து அவர் ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு தன்னையே சுட்டுக்கொள்ளவும் கூடும். என்சிஆர் பக்கம் ஆடுபவர்கள் கர்னல் மூரிடம் போவதற்கு முன் இதை முடிக்க வேண்டும் என்று பரிந்துரைப்பேன். யாருக்காகச் சண்டை போடப்போகிறோம் என்பதை அந்த ராணுவத்தின் உள்ளிருந்தே ஒருவர் சொல்லக் கேட்பது இங்கே மட்டும்தான்.

படி 9: கூட வருபவர்கள்

சுருக்கமாக: லீஜன் பக்கம் சாய்ந்தால் பூனும், மருத்துவரான ஆர்கேடும் போய்விடுவார்கள். ஆர்கேடை சீசருக்கு மருத்துவராக விற்றுவிடும் வழியும் கேமில் இருக்கிறது. செய்தவர்கள் யாரும் அதைப் பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை. தோழர்களின் தனிப்பட்ட குவெஸ்ட்களை அணைப் போருக்கு முன்பே முடித்துவிடுங்கள். பின்னால் நேரமிருக்காது.

படி 10: அணை

என்சிஆர் ஜனாதிபதி கிம்பால் அணைக்கு வரும் நாளில் அவரைக் காப்பதோ கொல்வதோ உங்கள் தரப்பைப் பொறுத்தது. அதன்பின் இனித் திரும்ப முடியாது என்று கேமே சொல்லிக் கேட்கும். உண்மையாகவே முடியாது. போர் முடிந்தால் முடிவுக் காட்சிகள் ஓடும், ஒவ்வொரு ஊரும் குழுவும் என்ன ஆனது என்று சொல்லும், ஆட்டம் அத்தோடு நிற்கும். டிஎல்சிகள் (கூடுதல் கதைகள்) மிச்சமிருந்தால் இதற்கு முன்னதாகவே ஆடிவிடுங்கள்.

லீஜனை எதிர்த்து நின்றால் கடைசியில் லேனியஸ் வருவான். அவனைச் சுட்டு வீழ்த்த நிறைய மருந்தும் பொறுமையும் தேவை. ஸ்பீச் (பேச்சுத் திறன்) 100 இருந்தால் பேசியே திருப்பி அனுப்பலாம். இந்த கேமில் டயலாக் சோதனைகள் குருட்டு அதிர்ஷ்டம் அல்ல. தேவையான எண் இருந்தால் கட்டாயம் வேலை செய்யும். 90-ல் நிற்கிறீர்கள் என்றால் "மீட்டிங் பீப்பிள்" பத்திரிகை ஒன்றைப் பையில் வைத்திருந்து, அவன் பேசத் தொடங்குவதற்குச் சற்று முன் படியுங்கள். 10 புள்ளி கூடும், ஆனால் நெடுநேரம் நிற்காது.

அவனிடம் நீங்கள் வைக்கும் வாதத்தைக் கவனித்துக் கேளுங்கள். அணையை நீ பிடித்துவிடலாம். ஆனால் இத்தனை தூரம் நீண்ட கையால் மேற்கைப் பிடித்துவைக்க முடியாது, கிழக்கும் போய்விடும் என்கிறீர்கள். கேம்ப் கோல்ஃபின் மாடத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஹான்லன் தன் சொந்த ராணுவத்தைப் பற்றிச் சொன்னதும் அதுதான்.